அண்ணையின் டாங்கில் நான் மாற்றிய காயில்

சிகரெட்டை விட்டுவிடுகிறேன் என்று என் அண்ணை வாக்குக் கொடுத்தது எனக்கு அல்ல, அண்ணிக்கும் அல்ல. கனடாவில் இருக்கும் எங்கள் தங்கைக்கு. அவளுடைய ஒரே மகளுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. சடங்கில் பெண்ணின் தாய்மாமன் தேங்காய் உடைக்க வேண்டும். மூத்த மாமன் அண்ணைதான்.

"மணவறைப் பக்கம் உங்கட சிகரெட் மணம் வந்துதெண்டால் ஐயரைக் கொண்டு உங்களைக் கலைப்பிப்பன்" என்று தங்கை தொலைபேசியில் சொன்னாள். அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அண்ணை சிரிக்கவில்லை.

"சரி பிள்ளை, விடுறன்" என்றார்.

அப்போது அவருக்கு அறுபதுக்கு ஒரு வயது குறைவு. புகைக்கப் பழகியது டாவோஸில், ஒரு ஹோட்டல் சமையலறையின் பின்கதவில். அகதியாக வந்த புதிதில் அங்கே கோப்பை கழுவினார். புகைக்கிறவர்களுக்குப் பத்து நிமிடம் வெளியே போய் நிற்க அனுமதி இருந்ததாம், புகைக்காதவர்களுக்கு அது இல்லையாம். அந்தப் பத்து நிமிடத்துக்காகத் தொடங்கியது முப்பத்தைந்து வருடம் ஓடிவிட்டது. பிறகு லாங்கன்தாலுக்கு வந்து ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். என்னை இந்த நாட்டுக்கு எடுப்பித்ததும் அவர்தான். என் முதல் விண்ணப்பப் படிவத்தை நிரப்பியதும், பனியில் வழுக்காமல் நடப்பது எப்படி என்று சொல்லித் தந்ததும் அவர்தான். ஐம்பது வயது தாண்டியும் அவர் முன்னால் நான் தம்பிதான். எதைப் பற்றிக் கதைத்தாலும் அவருக்குத்தான் என்னைவிடக் கூடத் தெரிந்திருக்கும்.

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு அவரைவிடக் கூடத் தெரிந்திருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன்னர் நான் மின்சிகரெட்டான வேப் பிடித்துத்தான் சிகரெட்டை விட்டவன். ஆகவே என்னுடைய பழைய பெட்டியையும் அதன் மேல் திருகும் கண்ணாடி டாங்கையும் கழுவித் துடைத்து, லிக்விட் போத்தல் ஒன்றும் வாங்கி, அவருக்குக் கொடுத்தேன். அவருடைய சிகரெட் கணக்குக்கு ஏற்றபடி அது நிக்கோட்டின் கூடிய லிக்விட், இருபது மில்லிகிராம். கடையில் அதற்கு மேல் கிடையாது. டாங்கின் அடியில் திருகும் காயில், தன் பஞ்சில் ஊறும் லிக்விட்டைக் கம்பிச்சுருளால் சூடாக்கிப் புகையாக்கும்.

இரண்டு கிழமை நன்றாகப் போனது. பிறகு தொலைபேசி அழைப்புகள் தொடங்கின.

"டேய், உன்ர சாமான் என்ர காற்சட்டைப் பொக்கற்றுக்குள்ள மூத்திரம் பெய்யுது."

"அடியில இருக்கிற ரப்பர் வளையத்தைப் பாருங்கோ அண்ணை. தேய்ஞ்சிருக்கோ?"

"வளையம் சரியாத்தான் கிடக்கு."

"அப்ப காயிலை இறுக்கித் திருகேல்லை. இல்லாட்டி லிக்விட்டை நடுக்குழாய்க்குள்ள ஊத்திப்போட்டியள். ஓரமாய் ஊத்தவேணும்."

அடுத்த நாள் இன்னொரு முறைப்பாடு. இழுக்கும்போது களகளவென்று சத்தம் வருகிறது, வாய்க்குள் துளி தெறிக்கிறது. பஞ்சு அளவுக்கு மேல் நனைந்துவிட்டது என்றேன். டாங்கைக் கழற்றி ஊதிவிட்டு, கடதாசியால் ஒற்றி எடுக்கச் சொன்னேன். அதற்கு அடுத்த நாள் கருகல் மணம். பஞ்சு காய்ந்துவிட்டது, காயில் முடிந்தது, புதிதைப் போடுங்கள் என்றேன். புதிதின் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொன்னேன்.

"ஒண்டு தசம் ரெண்டு ஓம் எண்டு கிடக்கு. ஆரும் ஒண்டும் கேக்க முந்தியே ஓம் எண்டு சொல்லுது" என்றார்.

நான் சிரித்துவிட்டு, அது 'ஆம்' என்கிற எங்கள் ஓம் இல்லை, மின்தடையின் அளவு என்று விளக்கினேன். தடை கூடினால் சூடு குறைவு, புகை குறைவு. தடை குறைந்தால் சூடு கூட, புகை கூட. அவர் "ம்… ம்…" என்று கேட்டார். அண்ணை என்னிடம் பாடம் கேட்கிறார்! அந்த நாட்களில் எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. வேலையிடத்தில் பௌசே என்கிற இடைவேளையில்கூட, தேநீர் ஆறினாலும் பரவாயில்லை என்று அவருடைய அழைப்பை எடுத்துக் கதைத்துக்கொண்டிருப்பேன்.

காயில்களைப் பற்றி எனக்கு உண்மையிலேயே தெரிந்திருந்தது. மூன்று வகையையும் நானே பாவித்துப் பார்த்திருந்தேன். ஒன்று தசம் இரண்டு ஓம் காயில் சிகரெட் மாதிரி. சின்னதாக இழுக்க வேண்டும், தொண்டையில் ஒரு பிடிப்பு வரும், புகை மெல்லியது. பூச்சியம் தசம் எட்டு நடுத்தரம், லிக்விட்டின் சுவை கொஞ்சம் கூடத் தெரியும், ஆனால் அதில்தான் அடிக்கடி ஒழுகல் வந்தது. பூச்சியம் தசம் நான்கு வேறு சாதி. அதற்குள் கம்பிச்சுருளுக்குப் பதிலாக வலை மாதிரி ஒரு தகடு. அரை நாளில் ஒரு டாங்கைக் குடித்து முடித்துவிடும். புகை வெதுவெதுப்பாக நெஞ்சு நிறைய வரும். அதை நான் மூன்று மில்லிகிராம் லிக்விட்டோடு மட்டும் பாவித்தேன். ஓல்டன் கடையில் அதை எனக்கு விற்ற பெண் இரண்டு தரம் சொல்லியிருந்தாள்: "உன்னுடைய பழைய டாங்குக்கு இது பொருந்தும். ஆனால் கடுமையான லிக்விட்டை இதற்குள் ஊற்றாதே. தலை சுற்றி விழுவாய்."

இரண்டு தரம் சொன்னாள். நான் இரண்டு தரமும் தலையாட்டினேன்.

கலியாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோது ஒரு சனிக்கிழமை நான் லாங்கன்தாலுக்குப் போனேன். அண்ணையின் டாங்க் திரும்பவும் ஒழுகிக்கொண்டிருந்தது. பார்த்துத் திருத்தித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். கடையில் ஒன்று தசம் இரண்டு காயில் முடிந்திருந்தது. அந்த வகையில் என்னிடம் மிஞ்சியிருந்த ஒரேயொரு காயிலையும், என்னுடைய பூச்சியம் தசம் நான்கு பைக்கற்றையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன்.

சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து டாங்கைப் பிரித்தேன். ரப்பர் வளையத்தில் மயிரிழை அளவு வெட்டு. அதுதான் ஒழுகலுக்குக் காரணம். வேறு வளையம் போட்டேன். நல்ல காயிலின் பஞ்சில் துளித்துளியாக லிக்விட் விட்டு, திருகி, டாங்கை நிரப்பினேன். இதற்குப் பிறகு பத்து நிமிடம் பொறுக்க வேண்டும், பஞ்சு ஊறும்வரைக்கும். அதை அண்ணைக்கு எத்தனையோ தரம் சொன்னவன் நான். ஆனால் அண்ணி சோற்றைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தா, அண்ணை பக்கத்தில் நின்று "சரியோ? சரியோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் உடனே பொத்தானை அழுத்தி ஒரு இழுவை இழுத்துப் பார்த்தேன். பஞ்சு கருகிவிட்டது. வாய் முழுக்க எரிந்த கடதாசியின் கைப்பு.

"என்ன?" என்றார் அண்ணை.

"ஒண்டுமில்லை. நீங்கள் போய்ச் சாப்பிடத் தொடங்குங்கோ, வாறன்."

என் பிழையால் நல்ல காயில் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். அடுத்த கிழமை புதிது கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் என்னைக் கிண்டல் பண்ணியிருப்பார், அவ்வளவுதான். எனக்கு அது பிடிக்கவில்லை. அவர் குசினிக்குள் போனதும் கருகியதைக் கழற்றிவிட்டு, என் பைக்கற்றிலிருந்து பூச்சியம் தசம் நான்கைப் போட்டேன். பெட்டியின் திரையில் 'புதிய காயிலா?' என்று கேள்வி வந்தது. அழுத்தினேன். அது தானாகவே சூட்டைக் கூட்டிக்கொண்டது. டாங்குக்குள் அதே இருபது மில்லிகிராம் லிக்விட்தான் கிடந்தது. மென்மையான லிக்விட் என் வீட்டில் இருந்தது. இடையில் ஒரு நாள் கொண்டுவந்து மாற்றிவிடலாம், இரண்டு நாளில் என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன்.

சாப்பிட்டு முடித்து பல்கனியில் நின்று அண்ணை ஒரு இழுவை இழுத்தார். இருமினார். பிறகு முகம் மலர்ந்தது.

"இப்பத்தான்ரா புகை மாதிரிப் புகை. என்ன செய்தனீ?"

"காயில் மாத்தினனான். மெல்ல இழுங்கோ" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். எனக்கு ரயிலுக்கு நேரமாகியிருந்தது.

திங்கட்கிழமை பகல் அண்ணி அழைத்தா. வேலையிடத்தில் காலைப் பௌசேக்கு வெளியே போய்விட்டு உள்ளே வந்த அண்ணை, உடுப்பு மாற்றும் அறையில் நிலத்தில் சரிந்து இருந்துவிட்டாராம். வேர்த்துக் கொட்டி, சத்தி எடுத்து, நெஞ்சு படபடக்குது என்று சொல்லியிருக்கிறார். அம்புலன்ஸில் கொண்டுபோய்விட்டார்கள்.

நான் வேலையிடத்துப் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். காயில்தான் காரணம் என்று ரயிலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை நான் நம்பவில்லை. அறுபதை எட்டும் வயது, முப்பத்தைந்து வருடச் சிகரெட், இதயமாகவும் இருக்கலாம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அண்ணனுக்கு மாரடைப்பாக இருக்கட்டும் என்று ஒரு தம்பி இருபது நிமிடம் மனதுக்குள் வாதாடினான். அதை நான் மறக்கவில்லை.

நான் போய்ச் சேரும்போது அவர் கட்டிலில் சாய்ந்து இருந்தார். நெஞ்சில் வயர்கள். முகம் வெளிறியிருந்தாலும் கதைத்தார். இளம் பெண் வைத்தியர் ஒருவர் கேள்விகள் கேட்டுக்கொண்டிருந்தார்.

"புகைப்பீர்களா?"

"இல்லை. விட்டுவிட்டேன்" என்றார் அண்ணை, ஜெர்மனில், பெருமையாக. அண்ணி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தா. வேப்பை அவர் புகைத்தலாக நினைக்கவில்லை. பொய் சொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை. அந்த அறையில் பொய் சொன்னது வாயைத் திறக்காமல் நின்ற நான்தான். ஒரு வசனம் போதுமாக இருந்தது. வைத்தியர் என் பக்கமும் பார்த்தார். நான் சுவரில் இருந்த கைகழுவும் மருந்துப் போத்தலைப் பார்த்தேன்.

அதைவிட மோசமான ஒன்றையும் செய்தேன். அவருடைய ஜாக்கெட்டை வீட்டுக்குக் கொண்டுபோகும்படி அண்ணி என் கையில் தந்தா. பொக்கற்றுக்குள் பெட்டி இருந்தது. லாங்கன்தால் நிலையத்தில் இறங்கி, ரயில் மேடையான பெரோனில் நின்று டாங்கைக் கழற்றி, பூச்சியம் தசம் நான்கு காயிலை எடுத்து, கடதாசியில் சுற்றிக் குப்பைத்தொட்டிக்குள் போட்டேன். கை முழுக்க லிக்விட் பிசுபிசுத்தது. கையை என் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு ஜாக்கெட்டை அவருடைய வீட்டில் மாட்டிவிட்டு வந்தேன்.

இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் வைத்தியர்கள் விடவில்லை. இதயத் துடிப்பை நாள்கணக்காகப் பதியும் சின்னக் கருவி ஒன்றை நெஞ்சில் ஒட்டிவிட்டார்கள். முடிவு வரும்வரை விமானப் பயணம் வேண்டாம் என்றார்கள்.

இரண்டு நாள் கழித்து அண்ணை என்னை அழைத்தார்.

"நீயும் மாமன்தானே. நீ நிண்டு உடை."

"அண்ணை, ஒருக்கா வைத்தியரோட கதைச்சுப் பாப்பமே…"

"என்னத்தைக் கதைக்கிறது? அவையள் சும்மா சொல்லுவினமோ? நீ வெளிக்கிடு."

அப்போதும் சொல்லியிருக்கலாம். இன்னும் ஒரு கிழமை இருந்தது. உண்மை தெரிந்தால் வைத்தியர் அவரைப் போகவிட்டிருப்பார் என்றே நான் நினைக்கிறேன். நான் என் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. ரொறொன்ரோவுக்குப் பறந்தேன். என் பயணப் பெட்டிக்குள் அண்ணை உடுத்துவதற்காக வாங்கி வைத்திருந்த பட்டு வேட்டி இருந்தது. உனக்கும் அளவாய்த்தான் இருக்கும் என்று அண்ணி மடித்துத் தந்தது.

தங்கை விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். "பெரியண்ணைக்கு உண்மையாய் ஒண்டுமில்லையோ? என்னட்டை மறைக்காதையுங்கோ" என்றாள். நான் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொன்னேன். அது உண்மை. அந்த உண்மையைச் சொல்லும்போதுகூட நான் மறைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

மண்டபத்தில் தவிலும் நாதஸ்வரமும் உரத்து எழுந்த நேரத்தில் ஐயர் எனக்குக் கைகாட்டினார். உடைத்தேன். தேங்காய் ஒரே அடியில் இரண்டாகப் பிளந்தது. பக்கத்தில் நின்ற யாரோ "அச்சாவாய் உடைச்சார்" என்றார்கள். முன்வரிசையில் ஒரு கைபேசியைத் தாங்கியில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அதற்குள் லாங்கன்தால் வீட்டு வரவேற்பறை தெரிந்தது. அங்கே பின்னேரம். அண்ணை சோபாவில் வேட்டி கட்டி, சால்வை போட்டு, திருநீறு பூசி உட்கார்ந்திருந்தார். அண்ணி சேலை உடுத்திப் பக்கத்தில். தாலி கட்டி முடிந்ததும் இரண்டு பேரும் தங்கள் வீட்டுக்குள் இருந்து, கைபேசியைப் பார்த்து, பூவும் அரிசியும் தூவினார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பாமல் நின்றேன்.

திரும்பி வந்தபோது பரிசோதனை முடிவும் வந்திருந்தது. இதயத்தில் பிழை இல்லை, களைப்பாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார்களாம். இதோடு முடிந்துவிடும், ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும் என்று நினைத்தேன்.

முடியவில்லை. காரணம் தெரியாத நோய் என்றால் எப்பவும் திரும்பி வரலாம் என்பது அண்ணையின் எண்ணம். மனிதர் மாறிவிட்டார். படியில் ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து, நடுவில் நின்று நாடி பார்ப்பார். தனியாக நடக்கப் போவதை நிறுத்திவிட்டார். அண்ணி கறியில் உப்பைக் குறைத்து, வெள்ளி செவ்வாய் விரதம் தொடங்கி, கோயிலில் அவருடைய பெயருக்கு அர்ச்சனை செய்துகொண்டிருந்தா. ஒரு ஞாயிறு நான் போனபோது அண்ணை என்னை அறைக்குள் கூப்பிட்டு அலுமாரியைத் திறந்தார்.

"இதுக்குள்ளதான் வீட்டுப் பத்திரம், பாஸ்போர்ட் எல்லாம் கிடக்கு. நாளைக்கு ஏதும் எண்டால் உன்ர அண்ணிக்கு ஒண்டும் தெரியாது. நீதான் பாக்கவேணும்."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"அண்ணை, உங்களுக்கு ஒண்டுமில்லை. அது நான் செய்தது."

அவர் விளங்காமல் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கருகிய காயில், அதற்குப் பதிலாகப் போட்ட காயில், லிக்விட், கடைப்பெண் சொன்னது, பெரோனில் குப்பைத்தொட்டி. சொல்லிக்கொண்டு வரும்போதே அவருடைய முகம் தெளிந்துகொண்டு வந்தது. நெஞ்சில் கையை வைத்து ஒரு பெரிய மூச்சு விட்டார்.

"அப்ப இருதயமில்லையோ?"

"இல்லை அண்ணை."

"நிக்கோட்டின் கூடினதுதானோ?"

"ஓம்."

சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். "விசரா, என்னைக் கொல்லப் பாத்தனியே" என்று என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். நானும் சிரிக்கப் போனேன். அப்போது அவருடைய கை என் முதுகிலேயே நின்றுவிட்டது.

"உனக்கு இது எப்ப தெரியும்?"

"ஆஸ்பத்திரிக்கு வரேக்கையே."

"கலியாணத்துக்கு முந்தி."

அவர் கையை எடுத்தார்.

"அப்ப நான் போயிருக்கலாம்" என்றார், மிக மெதுவாக. பிறகு அலுமாரிக் கதவைச் சாத்திவிட்டு, "நீ வெளிக்கிடு" என்றார்.

வாசலில் சப்பாத்துப் போடும்போது அண்ணி குசினியிலிருந்து வந்தா. கதவு திறந்திருந்ததால் கேட்டிருக்க வேண்டும்.

"அவர் விழுந்ததைக் கூட நான் பொறுப்பன் தம்பி. அந்த ஆஸ்பத்திரி அறைக்குள்ள நான் அவரின்ர கையைப் பிடிச்சு அழேக்கை நீர் பக்கத்தில நிண்டனீர்" என்றா. என்னை வழக்கமாக 'நீ' என்றுதான் கூப்பிடுவா.

ஐந்து மாதம் அந்த வீட்டிலிருந்து அழைப்பு வரவில்லை. நான் அழைத்தாலும் எடுக்கவில்லை. தங்கைக்கு நானே சொன்னேன், அவள் "பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டாள். அண்ணை திரும்பச் சிகரெட்டுக்குப் போகவில்லை என்று பிறர் வாயால் அறிந்தேன். வைத்தியரிடம் போய் நடந்ததை அவரே சொல்லி, தோளில் ஒட்டும் நிக்கோட்டின் பிளாஸ்டர் எழுதுவித்து, அதையும் மெல்ல மெல்லக் குறைத்துவிட்டாராம். நான் கொடுத்த பெட்டியை என்ன செய்தார் என்று தெரியாது. என் வேப் சாமான்களை நான் ஒரு நாள் மீள்சுழற்சிக்குக் கொண்டுபோய்ப் போட்டேன். நல்ல மனிதனாகிவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. அந்தப் புகையின் இனிப்பு வாயில் பட்டாலே எனக்குச் சாப்பாடு இறங்காமல் போயிற்று.

இலையுதிர் காலத்தில் ஒரு நாள் அவருடைய இலக்கம் என் கைபேசியில் ஒளிர்ந்தது.

"வியாழக்கிழமை லீவு எடுப்பியோ?"

"எடுப்பன் அண்ணை. என்ன?"

"கனடா போறன். பெட்டி ரெண்டும் பாரம். உன்ர அண்ணிக்கு முதுகு ஏலாது."

லாங்கன்தாலில் அவர்களுடைய வாசலில் பெட்டிகளை எடுத்தேன். அண்ணி எப்போதோ விரதத்தை நிறுத்திவிட்டிருந்தா. என்னிடம் தேநீர் வேணுமோ என்று கேட்டா, வேறொன்றும் கதைக்கவில்லை. சூரிச் விமான நிலையம் வரைக்கும் ரயிலில் எதிரெதிரே இருந்தோம். அவர் மெலிந்திருந்தார், ஆனால் படிகளில் கைப்பிடி பிடிக்காமல் ஏறினார். மணமுடித்த மருமகளின் புது வீட்டைப் பற்றி, அவர்கள் வாங்கச் சொன்ன சொக்லேற்றைப் பற்றிக் கொஞ்சம் கதைத்தார். ஜன்னலுக்கு வெளியே வயல்களில் பனிப்புகார் படுத்திருந்தது.

பெட்டிகளை ஒப்படைத்த பிறகு நான் கேட்டேன்.

"இன்னும் கோபமோ அண்ணை?"

அவர் கடவுச்சீட்டைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டே யோசித்தார்.

"கோபம் போகேல்லை. போகுமோ எண்டும் தெரியேல்லை. ஆனா பெட்டி தூக்க ஆரைக் கூப்பிடுறதெண்டு யோசிக்க உன்ர நினைப்புத்தான் வந்துது. அதுக்கு என்ன செய்யிறது?"

பிறகு "வாறன்" என்று சொல்லிவிட்டு, பாதுகாப்புச் சோதனை வரிசையில் போய் நின்றார். இடுப்புப் பட்டியைக் கழற்றித் தட்டில் வைப்பதையும், கைகளை உயர்த்திக்கொண்டு நிற்பதையும், மறுபக்கம் போய்ப் பட்டியைத் திரும்பக் கட்டுவதையும் கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்த்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கும் பழக்கம் முந்தியும் அவருக்கு இல்லை என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை.